மருந்துக் கவுண்டரில் நிற்பவர் யார்? செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

மெடிக்கல் ஷாப் கவுண்டரில் நம் சீட்டை வாங்கிப் படிப்பவர் யார் என்று நம்மில் பலர் கவனிப்பதே இல்லை. டாக்டர் எழுதினார், கடையில் கொடுத்தார்கள், வாங்கி வந்தோம் என்று போய்விடுகிறோம். ஆனால் சீட்டில் ஒரு பிழை இருந்தால், அது நோயாளியின் உடம்புக்குள் போகும் முன் பிடிபடக்கூடிய கடைசி இடம் அந்தக் கவுண்டர்தான். அதனால்தான் அங்கே நிற்பவருக்குப் படிப்பும் பயிற்சியும் பதிவும் வேண்டும் என்று சட்டம் சொல்கிறது.

தமிழ்நாட்டில் இதற்கு இரண்டு அடிப்படைகள் உண்டு. ஒன்று, 1948-ஆம் ஆண்டின் பார்மசி சட்டம். டாக்டர் எழுதிய சீட்டுக்கு மருந்து கலக்கவோ எடுத்துக் கொடுக்கவோ பதிவு பெற்ற மருந்தாளுநரைத் தவிர வேறு யாருக்கும் உரிமை இல்லை என்கிறது அதன் 42-வது பிரிவு. தன் நோயாளிக்குத் தானே மருந்து கொடுக்கும் டாக்டருக்கு விலக்கு உண்டு. 2023-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, மீறுபவருக்கு 3 மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மற்றொன்று, 1945-ஆம் ஆண்டின் மருந்து விதிகளில் உள்ள 65-வது விதி. சீட்டுக்குச் சில்லறையில் கொடுக்கும் எந்த மருந்தும் பதிவு பெற்ற மருந்தாளுநரின் கையாலோ அவருடைய நேரடி மேற்பார்வையிலோதான் போக வேண்டும் என்கிறது அது.

சட்டம் தெளிவாக இருக்கிறது. நடப்பு அப்படி இல்லை. சுவரில் ஒருவருடைய சர்டிபிகேட் தொங்கும். கவுண்டரில் வேறொருவர் நிற்பார். நோயாளிக்கு ஆபத்து வருவது இந்த இடைவெளியில்தான். இதை மூடுகிற பொறுப்பு மாணவர், மருந்தாளுநர், கடை உதவியாளர், முதலாளி, மருந்து வாங்குபவர் என எல்லோருக்கும் உண்டு.

1. டி.பார்ம் (பார்மசி டிப்ளமோ) சேரும் முன்

செய்ய வேண்டியவை

• கல்லூரிக்கு இந்திய பார்மசி கவுன்சிலின் அங்கீகாரம் இருக்கிறதா என்று கவுன்சிலின் இணையதளத்தில் நீங்களே பாருங்கள். எந்தக் கல்வியாண்டு வரை, எத்தனை இடங்களுக்கு என்பதையும் சேர்த்துப் பாருங்கள். சட்டத்தின் 12-வது பிரிவின்படி அங்கீகாரம் பெறாத படிப்பை இரண்டு வருடம் படித்து முடித்தாலும் மருந்தாளுநராகப் பதிவு செய்ய முடியாது.

• பிளஸ் டூவில் எடுத்த பாடங்களைச் சரிபாருங்கள். இயற்பியல், வேதியியல் கட்டாயம். அவற்றோடு உயிரியலோ கணிதமோ வேண்டும்.

• டிப்ளமோ முடித்தவர்கள் பதிவுக்கு முன் தேற வேண்டிய எக்ஸிட் தேர்வு பற்றி முதல் வருடமே விசாரியுங்கள். இதற்கான விதிமுறை 2022-ல் வந்தது. முதல் தேர்வு 2024 அக்டோபரில் நடந்தது. உங்கள் பேட்சுக்கு அது பொருந்துமா என்பதைக் கல்லூரியிலும் மாநில கவுன்சிலிலும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

செய்யக்கூடாதவை

• "காலேஜுக்கு வரவே வேண்டாம், பரீட்சைக்கு மட்டும் வந்தால் போதும்" என்று சொல்லும் ஏஜென்ட்டிடம் பணம் கட்டாதீர்கள். தியரி, பிராக்டிகல் இரண்டிலும் தனித்தனியே 75 சதவீத வருகை வேண்டும். கடையில் நின்றுகொண்டே வெளிமாநிலக் கல்லூரி ஒன்றின் பேரில் டிப்ளமோ வாங்கிவிடலாம் என்ற பேச்சை நம்பிப் பணத்தையும் வருடங்களையும் இழந்தவர்கள் உண்டு.

• ஆறு மாத, மூன்று மாத "பார்மசி அசிஸ்டென்ட்" கோர்ஸை டி.பார்முக்குச் சமமாக எண்ணாதீர்கள். கடையில் வேலை கற்க அது உதவலாம். சீட்டுக்கு மருந்து கொடுக்கும் உரிமையை அது தராது.

2. அந்த 500 மணி நேரம்

டி.பார்ம் படிப்பில் வகுப்பறைக்கு வெளியே கட்டாயமாக முடிக்க வேண்டிய பயிற்சி 500 மணி நேரம். மூன்று மாதத்துக்குக் குறையாத காலத்தில் அதைப் பரவலாகச் செய்ய வேண்டும். அதில் 250 மணி நேரமாவது சீட்டுக்கு மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலையிலேயே செலவாக வேண்டும். சீட்டைப் படிப்பது, அளவு சரியா என்று பார்ப்பது, சட்டம் கேட்கும் பதிவேடுகளை எழுதுவது, மருந்தைச் சேமிப்பது எல்லாம் பாடத்திட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கின்றன. ஒரு மருந்தாளுநர் உருவாவது இங்கேதான்.

செய்ய வேண்டியவை

• பதிவு பெற்ற மருந்தாளுநர் நாள் முழுக்க வேலை பார்க்கும் இடமாகத் தேடுங்கள். அரசு மருத்துவமனை மருந்தகம் கிடைத்தால் விடாதீர்கள். காலை ஓ.பி. நேரத்தில் அங்கே வரும் சீட்டுகளின் எண்ணிக்கையும் வகையும் வேறெங்கும் கிடைக்காத பாடம்.

• ஒவ்வொரு சீட்டிலும் ஐந்தைப் பாருங்கள்: நோயாளியின் வயது, மருந்தின் பெயர், வலிமை, ஒரு நாளைக்கு எத்தனை வேளை, எத்தனை நாள். ஐந்தில் ஒன்று விடுபட்டிருந்தாலும் உங்களுக்குப் பயிற்சி தருபவரிடம் காட்டுங்கள்.

• குழந்தை மருந்துக்குக் கணக்குப் போடப் பழகுங்கள். பாராசிட்டமால் டிராப்ஸில் 1 மில்லிக்கு 100 மில்லிகிராம் மருந்து இருக்கும். சிரப் என்றால் பலவற்றில் 5 மில்லிக்கு 120 அல்லது 125 மில்லிகிராம்தான். சிரப் என்று நினைத்து ஒரு தாய் டிராப்ஸில் 5 மில்லி கொடுத்துவிட்டால் குழந்தைக்கு 500 மில்லிகிராம் போய்விடும். அது ஒரு பெரியவரின் அளவு. இரண்டு பாட்டிலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்தவர் பிறகு எந்தக் குழந்தையின் சீட்டையும் அவசரமாகப் படிக்க மாட்டார்.

• புரியாத கையெழுத்தைப் புரியவில்லை என்று சொல்லப் பழகுங்கள். மருந்துகளை ஜெனரிக் பெயரில், தெளிவாக, கூடியவரை பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று 2016-லேயே டாக்டர்களுக்கு விதி வந்துவிட்டது. சந்தேகம் கேட்பது டாக்டரை அவமதிப்பதாகாது.

செய்யக்கூடாதவை

• மூன்று மாதமும் பெட்டி பிரிப்பதிலும் ரேக் அடுக்குவதிலும் கழியும்படி விடாதீர்கள். ஸ்டாக் வேலையும் கற்க வேண்டியதுதான். ஆனால் சீட்டு வாசிக்காமல் 250 மணி நேரம் நிறைந்ததாக எழுதி வாங்கினால், நாளை சீட்டோடு வரும் நோயாளிக்குச் செய்யும் துரோகம் அது.

• போகாத பயிற்சிக்குச் சான்றிதழ் வாங்காதீர்கள். மகனுக்கோ மகளுக்கோ அதை வாங்கித் தரும் பெற்றோருக்கும் இதையே சொல்கிறேன்.

3. பதிவும் சர்டிபிகேட்டும்

செய்ய வேண்டியவை

• படிப்பு முடிந்ததும் தமிழ்நாடு பார்மசி கவுன்சிலில் பதிவு செய்யுங்கள். 18 வயது நிறைந்திருக்க வேண்டும். மார்க் ஷீட், டிப்ளமோ, பயிற்சிச் சான்று எல்லாவற்றின் அசலையும் பத்திரமாக வையுங்கள்.

• ரெனீவல் தேதியைக் கடக்க விடாதீர்கள். முகவரி மாறினால் கவுன்சிலுக்குத் தெரிவியுங்கள். புத்தாக்கப் பயிற்சி வகுப்புகளுக்குப் போங்கள். நீங்கள் படித்தபோது இல்லாத எத்தனையோ சர்க்கரை மருந்துகளும் ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகளும் இன்று உங்கள் ரேக்கில் இருக்கின்றன.

• கடை மாறும்போது எழுத்தில் மாறுங்கள். பொறுப்பு மருந்தாளுநர் மாறினால் ஒரு மாதத்துக்குள் உரிமம் தரும் அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டியது கடைக்காரரின் கடமை. அவர் தெரிவித்தாரா என்று பார்ப்பது உங்களுக்கு நல்லது. பழைய கடையில் உங்கள் பெயரில் தொடர்ந்து மருந்து போய்க்கொண்டிருந்தால் நாளை கேள்வி உங்களிடம்தான் வரும்.

செய்யக்கூடாதவை

• சர்டிபிகேட்டை வாடகைக்கு விடாதீர்கள். இந்தப் பட்டியலில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். மாதாமாதம் கொஞ்சம் பணம் வருகிறது, கடைக்குப் போக வேண்டியதில்லை, எல்லாரும் செய்கிறார்கள் என்றுதான் இது தொடங்கும். ஆனால் உங்கள் பெயர் சுவரில் தொங்கும் ஒவ்வொரு நாளும் அந்தக் கடையில் ஒவ்வொரு சீட்டையும் நீங்கள் பார்த்ததாகச் சட்டத்துக்கு உறுதி கொடுக்கிறீர்கள். பார்க்காத சீட்டுக்கு அந்த உறுதியைக் கொடுக்க யாருக்கும் உரிமை இல்லை. தான் வேலை செய்யாத கடைக்குச் சான்றிதழைக் கொடுப்பதைத் தொழில்முறைகேடு என்றே 2015-ஆம் ஆண்டின் பார்மசி தொழில் ஒழுங்குமுறைகள் வகைப்படுத்துகின்றன. பதிவேட்டிலிருந்து உங்கள் பெயரே நீக்கப்படலாம்.

• ஒரே சர்டிபிகேட்டை இரண்டு கடைக்குக் கொடுக்காதீர்கள். ஒரே நேரத்தில் இரண்டு கவுண்டரில் யாராலும் நிற்க முடியாது.

• வேறு வழியில்லை என்று முடிவு கட்டாதீர்கள். 2025 பிப்ரவரி 24-ல் தமிழ்நாடு அரசு 1,000 முதல்வர் மருந்தகங்களைத் திறந்தது. டி.பார்ம், பி.பார்ம் முடித்தவர்கள் தொழில்முனைவோராக விண்ணப்பிக்க அதில் வாய்ப்புத் தரப்பட்டது. படிப்பை உழைப்பாக மாற்ற வழிகள் இருக்கின்றன.

4. கவுண்டரில்

செய்ய வேண்டியவை

• முழுச் சீட்டையும் படித்த பிறகே ரேக்குக்குப் போங்கள். முதல் மருந்தைப் பார்த்ததும் எடுக்க ஓடும் பழக்கம்தான் மூன்றாவது மருந்தைத் தவற விடுகிறது.

• வாரம் ஒருமுறை மட்டும் சாப்பிட வேண்டிய மருந்துகளைத் தனியாகக் கவனியுங்கள். முடக்குவாதத்துக்காக மெத்தோட்ரெக்ஸேட் எழுதிய சீட்டோடு ஒரு பாட்டி வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு ஒரு நாள் என்று டாக்டர் எழுதியிருக்கிறார். கவரில் வெறுமனே "இரவு 1" என்று குறித்துக் கொடுத்தால் பாட்டி தினமும் இரவு போட்டுக்கொள்வார். சில நாட்களில் வாயெல்லாம் புண்ணாகும், ரத்த அணுக்கள் குறையும், உயிரே போகலாம். "பாட்டி, இது ஞாயித்துக்கிழமை மட்டும்தான், மத்த நாள் தொடவே கூடாது. எந்தக் கிழமைன்னு திருப்பிச் சொல்லுங்க பார்ப்போம்" என்று கேட்டு, அந்தக் கிழமையைக் கவரில் பெரிதாக எழுதிக் கொடுங்கள். ஒரு நிமிடம் ஆகும். பதிவு பெற்ற மருந்தாளுநர் அங்கே நிற்பதே அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான்.

• இன்சுலின் கொடுத்தால் சிரிஞ்சையும் சரிபாருங்கள். நம் ஊரில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள குப்பியும் உண்டு, 100 யூனிட் உள்ள மருந்தும் உண்டு. 40-க்கான சிரிஞ்சின் மூடி சிவப்பு, 100-க்கானது ஆரஞ்சு. 100 யூனிட் மருந்தை 40 சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 50 யூனிட். சர்க்கரை அதலபாதாளத்துக்கு இறங்கி ஆள் மயங்கி விழுவார்.

• எச்1 பதிவேட்டை அன்றன்றே எழுதுங்கள். 2014 மார்ச் 1 முதல் நடைமுறையில் உள்ள எச்1 பட்டியலில் உயர்வகை ஆன்டிபயாட்டிக்குகள், காசநோய் மருந்துகள், அல்பிரசோலம், டிரமடால் போன்றவை இருக்கின்றன. எழுதிய டாக்டரின் பெயர், முகவரி, நோயாளியின் பெயர், மருந்து, கொடுத்த அளவு எல்லாம் குறித்து மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். கிருமிகள் மருந்துக்கு அடங்காமல் போவதைத் தடுக்கும் வேலையில் கவுண்டரின் பங்கு இது.

• காசநோய் மருந்து வாங்குபவரின் விவரத்தைச் சுகாதாரத் துறைக்குத் தெரிவியுங்கள். 2018 முதல் இது மருந்துக்கடைகளுக்கும் கட்டாயம். நோயாளி பாதியில் மருந்தை விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ள இது உதவுகிறது.

• சீட்டில் உங்கள் கடைப் பெயர், முகவரி, கொடுத்த தேதி மூன்றையும் குறியுங்கள். பேட்ச் எண்ணோடு பில் கொடுங்கள். ஒரு மருந்து தரமற்றது என்று நாளை அறிவிப்பு வந்தால், யாரிடம் போயிருக்கிறது என்று தேட அந்த எண்தான் ஒரே வழி.

செய்யக்கூடாதவை

• "அதே மருந்துதாங்க, கம்பெனிதான் வேற" என்று சொல்லி மாற்றிக் கொடுக்காதீர்கள். மருந்து விதிகளின் எச், எச்1, எக்ஸ் பட்டியல்களில் உள்ள மருந்துகளில் சீட்டில் உள்ளதற்குப் பதில் வேறொன்றைக் கொடுக்க விதி இடம் தரவில்லை. இல்லையென்றால் இல்லை என்று சொல்லுங்கள், அல்லது டாக்டரைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

• பழைய சீட்டுக்குத் திரும்பத் திரும்பக் கொடுக்காதீர்கள். திரும்பக் கொடுக்கலாம் என்று டாக்டர் எழுதியிருந்தால் ஒழிய ஒரு சீட்டுக்கு ஒரு தடவைதான்.

• தூக்க மாத்திரை, டபென்டடால் போன்ற வலி மாத்திரைகளைச் சீட்டில்லாமல் தராதீர்கள். இவற்றைப் போதைக்காகத் தேடி அலையும் இளைஞர்கள் நம் ஊர்களிலும் இருக்கிறார்கள். கெஞ்சினாலும் மிரட்டினாலும் பதில் ஒன்றாகவே இருக்கட்டும். மிரட்டல் தொடர்ந்தால் போலீஸுக்குச் சொல்லுங்கள்.

• கைக்குழந்தைக்குச் சளி மருந்து கேட்டு வந்தால் ரேக்கைப் பார்த்துக் கையை நீட்டாதீர்கள். குளோர்ஃபெனிரமைன், ஃபெனைல்எஃப்ரின் இரண்டும் சேர்ந்த சளி மருந்தை 4 வயதுக்குள் உள்ள குழந்தைகளுக்குத் தரக்கூடாது என்று 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு உத்தரவிட்டது. டாக்டரிடம் அனுப்புங்கள்.

• மாத்திரை அட்டையை எக்ஸ்பயரி தேதி இருக்கும் பக்கத்திலிருந்து வெட்டாதீர்கள். கடையில் மிஞ்சும் துண்டில் தேதியும் பேட்ச் எண்ணும் இல்லாமல் போனால் அது எந்த மருந்து, எந்த வருடத்தது என்று யாருக்கும் தெரியாது.

• டாக்டர்களுக்கு இலவசமாகத் தரப்படும் சாம்பிளை விற்காதீர்கள். காலாவதியான மருந்தை விற்பனை ரேக்கில் வைக்காதீர்கள். தனிப் பெட்டியில் போட்டு, விற்பனைக்கு அல்ல என்று எழுதி வையுங்கள்.

5. கடை உதவியாளர்களுக்கு

அமெரிக்காவில் மருந்தாளுநருக்கு உதவுபவரைப் பார்மசி டெக்னீஷியன் என்கிறார்கள். அவர்களுக்கு என்ன பயிற்சி, என்ன பதிவு என்பதை ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே முடிவு செய்கிறது. 2006-ல் ஓஹையோ மாநிலத்தில் அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை. அந்த வருடம் அங்கே ஒரு மருத்துவமனையில் எமிலி என்ற இரண்டு வயதுக் குழந்தைக்குப் புற்றுநோய் மருந்து தயாரித்த டெக்னீஷியன், உப்பு ஒரு சதவீதத்துக்கும் குறைவாக இருக்க வேண்டிய கரைசலுக்குப் பதில் 23.4 சதவீதக் கரைசலைப் பயன்படுத்திவிட்டார். மேற்பார்வை மருந்தாளுநரும் அதைக் கவனிக்காமல் அனுமதித்தார். குழந்தை இறந்தது. மருந்தாளுநர் உரிமத்தை இழந்து சிறைக்குப் போனார். 2009-ல் எமிலியின் பெயராலேயே ஓஹையோவில் டெக்னீஷியன்களுக்கான சட்டம் வந்தது. பயிற்சி இல்லாத கை, அவசரமான மேற்பார்வை இரண்டும் ஒன்று சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை.

நம் நாட்டில் உதவியாளர் என்ற நிலைக்குச் சட்டப்படி கட்டாயமான பயிற்சியோ பதிவோ கிடையாது. ஆனாலும் பல கடைகளில் நாளெல்லாம் நிற்பவர்கள் அவர்கள்தான். அவர்கள் அனுபவத்தையும் உழைப்பையும் நான் குறைத்துப் பேசவில்லை. எந்தக் கோடு வரை போகலாம் என்று தெரிந்து வேலை செய்தால் அவர்களுக்கும் பாதுகாப்பு.

செய்ய வேண்டியவை

• ஸ்டாக் எடுங்கள், அடுக்குங்கள், பில் போடுங்கள், ஃப்ரிட்ஜ் வெப்பநிலையைக் குறியுங்கள். சீட்டுக்கான மருந்தை எடுத்து வந்தால் சீட்டோடு சேர்த்து மருந்தாளுநர் முன்னால் வையுங்கள். அவர் பார்த்த பிறகே அது நோயாளியின் கைக்குப் போகட்டும்.

• பெயர் ஒன்றுபோல இருக்கும் மருந்துகளையும், அட்டை ஒரே நிறத்தில் இருக்கும் மருந்துகளையும் பக்கத்துப் பக்கத்தில் அடுக்கக்கூடாது என்று முதலாளியிடம் சொல்லுங்கள். ரேக் உங்கள் கையில் இருப்பதால் இந்தத் தவறு முதலில் கண்ணில் படுவது உங்களுக்குத்தான்.

• இந்தத் தொழில் பிடித்திருந்தால், தகுதியும் இருந்தால், டி.பார்ம் படியுங்கள். கவுண்டர் அனுபவத்தோடு வகுப்புக்கு வருபவருக்குப் பாடம் சீக்கிரம் பிடிபடும்.

செய்யக்கூடாதவை

• கையெழுத்தை ஊகிக்காதீர்கள். "இந்த டாக்டர் எப்பவும் இதைத்தான் எழுதுவார்" என்பது ஆதாரமாகாது.

• "இதைப் போடுங்கண்ணே, ரெண்டு வேளையில சரியாயிடும்" என்று வைத்தியம் சொல்லாதீர்கள். "டாக்டரைப் பாருங்க" என்று சொல்வதில் எந்தக் குறைவும் இல்லை.

• மருந்தாளுநர் இல்லாத நேரத்தில் சீட்டு மருந்து கொடுக்கச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். தப்பு நடந்தால் சட்டத்தின் முன் நிற்கப்போவது நீங்களும்தான்.

6. கடை நடத்துபவர்களுக்கு

செய்ய வேண்டியவை

• கடை திறந்திருக்கும் நேரம் முழுவதும் மருந்தாளுநர் இருக்க ஏற்பாடு செய்யுங்கள். காலை எட்டு முதல் இரவு பத்து வரை கடை என்றால் ஒருவரால் முடியாது. இரண்டு பேர் வேண்டும். சம்பளத்தைச் செலவுக் கணக்கின் கடைசி வரியில் வைக்காமல் முதல் வரியில் வையுங்கள்.

• சில்லறைக் கடைக்குக் குறைந்தது 10 சதுர மீட்டர் என்பது விதி. இடத்தைப் போலவே குளிரும் முக்கியம். இன்சுலினும் தடுப்பூசியும் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். மின்சாரம் போனால் என்ன செய்வது என்று முன்கூட்டியே முடிவு செய்து வையுங்கள்.

• தப்பு நடக்க இருந்து தடுக்கப்பட்ட சம்பவங்களுக்கு ஒரு நோட்டு வையுங்கள். யார் செய்தார் என்று எழுத வேண்டாம். என்ன நடந்தது, எப்படிப் பிடிபட்டது என்று மட்டும் எழுதுங்கள். மாதம் ஒருமுறை எல்லோரும் உட்கார்ந்து படியுங்கள்.

செய்யக்கூடாதவை

• ஒரு சீட்டை நிறுத்தி டாக்டருக்குப் போன் போட்ட ஊழியரைக் கூட்டத்தைக் காட்டித் திட்டாதீர்கள். அன்று திட்டு வாங்கியவர் அடுத்த சந்தேகத்தை விழுங்கிவிடுவார்.

• மருந்து விற்பனைக்கு டார்கெட் வைக்காதீர்கள். ஆன்டிபயாட்டிக்கை அதிகம் விற்றவருக்குப் பரிசு கொடுக்கும் கடை ஊருக்கே நோயை விற்கிறது.

7. மருந்து வாங்கும் நமக்கு

செய்ய வேண்டியவை

• "பார்மசிஸ்ட் இருக்காங்களா?" என்று கேளுங்கள். சண்டைக்கு அல்ல, பழக்கத்துக்கு. நாலு பேர் கேட்கும் கடையில் ஐந்தாம் நாள் ஆள் இருப்பார்.

• கடையை விட்டு நகரும் முன் சீட்டையும் மருந்தையும் பெயர் பெயராக ஒப்பிடுங்கள். அட்டையில் சிவப்புக் கோடோ சிவப்பில் ஆர்எக்ஸ் குறியோ இருந்தால் அது டாக்டர் சொல்லாமல் சாப்பிடக்கூடாத மருந்து என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லிக் கொடுங்கள்.

• ஒவ்வாமை, கர்ப்பம், தாய்ப்பால், வேறு நோய்க்கான மாத்திரைகள் எல்லாவற்றையும் கேட்காமலே சொல்லுங்கள். பில் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

செய்யக்கூடாதவை

• "தம்பி, காய்ச்சலுக்கு ரெண்டு வேளைக்கு ஒரு செட் மாத்திரை குடுப்பா" என்று கேட்காதீர்கள். பேப்பர் கவரில் கலந்து வரும் நாலு மாத்திரையில் ஒன்று ஸ்டீராய்டாக இருக்கலாம், ஒன்று பாதிக் கோர்ஸ் ஆன்டிபயாட்டிக்காக இருக்கலாம். உங்களுக்கு ஏதாவது ஆனால் என்ன சாப்பிட்டீர்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லக்கூட வழி இருக்காது.

• சீட்டில்லாமல் தர மறுக்கும் கடைக்காரரிடம் கோபப்படாதீர்கள். உங்கள் தெருவில் நம்பத்தக்க கடை அதுதான்.

• வாங்கி வர சின்னப் பிள்ளைகளை அனுப்பாதீர்கள். மருந்தை எப்படிச் சாப்பிடுவது என்ற விளக்கம் நோயாளிக்கோ பார்த்துக்கொள்பவருக்கோ நேரில் போய்ச் சேர வேண்டும்.

அரசு செய்ய வேண்டியது

தனிமனிதர்கள் ஒழுங்காக இருந்தால் மட்டும் இது தீராது. அரசிடம் கேட்க மூன்று உண்டு. முதலாவது, கடை உதவியாளர்களுக்குக் கட்டாயமான குறைந்தபட்சப் பயிற்சியும் பதிவும் வேண்டும். எந்த வேலையைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று எழுத்தில் வேண்டும். நம் கடைகளில் ஆயிரக்கணக்கானோர் இந்த வேலையைச் செய்துகொண்டிருக்க, சட்டம் அவர்களைக் காணாததுபோல் இருப்பது அவர்களுக்கும் நல்லதல்ல, நோயாளிக்கும் நல்லதல்ல. இரண்டாவது, மருந்து ஆய்வாளர் கடைக்கு வரும்போது உரிமத்தையும் ஸ்டாக்கையும் பார்ப்பதோடு நிற்காமல், சுவரில் இருக்கும் பெயருக்கு உரியவர் கவுண்டரில் இருக்கிறாரா என்பதை முதல் கேள்வியாகக் கேட்க வேண்டும். மூன்றாவது, 500 மணி நேரப் பயிற்சி உண்மையாக நடந்ததா என்று பயிற்சி நடந்த இடத்துக்கே போய்ச் சரிபார்க்க வேண்டும்.

எமிலி சட்டம் ஒரு குழந்தை இறந்த பிறகு வந்தது. நமக்கு 1948-லேயே சட்டம் வந்துவிட்டது. அதைக் காகிதத்திலிருந்து கவுண்டருக்குக் கொண்டுவர இன்னொரு சாவு தேவையில்லை. படித்தவர் தன் இடத்தில் நிற்கட்டும். முதலாளி அவரை நிற்க விடட்டும். வாங்குகிற நாம் அவரைக் கேட்டு வாங்குவோம்.